வலது பக்கத்தில் மாவு சலிக்கிற சத்தம்

மைக் செட்காரனுக்கு இந்த ஊரில் எந்த மண்டபத்திலும் உட்கார இடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. தி.நகர் கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, மயிலாப்பூர் சபாவாக இருந்தாலும் சரி, சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்ஸருக்கு மேஜையை எங்கே போடுவது என்று கேட்டால் ஒரே பதில்தான். "அப்படி ஓரமா போட்டுக்கப்பா." ஓரம் என்றால் மேடைக்கு வலது பக்கத்து மூலை. ஸ்விட்ச் போர்டு அங்கேதான் இருக்கும். துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அங்கேதான் சாத்தி வைத்திருப்பார்கள். ஆளுயர ஸ்டாண்டில் ஸ்பீக்கர் நிற்பதும் அங்கேதான். நாங்கள் அதை பாக்ஸ் என்போம். பாக்ஸுக்கு நேர் கீழே என் ஸ்டூல். மேடையைப் பார்க்கத் திரும்பினால் வலது காது பாக்ஸின் வாய்க்குள் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் என் வேலை. அந்த வேலையை அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய விடமாட்டார்கள். முதல் வரிசை சம்பந்திகளுக்கு, நடு வரிசை பெரிய மனிதர்களுக்கு, கடைசி வரிசை வீடியோக்காரனின் பெட்டிகளுக்கு. அவன் பெட்டிகூட உட்காரும். நான் உட்காரக் கூடாது.

முப்பது வருஷமாக அந்த மூலையில் இருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா யாராவது ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டு "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துவார். தவிலும் நாதஸ்வரமும் ஏற்கெனவே கூரையைத் தூக்கிக்கொண்டிருக்கும். அதற்கு மைக்கே வேண்டாம். இருந்தாலும் என் பக்கம் திரும்பி, "சவுண்டு ஏத்துப்பா, வெளிய நிக்கிறவனுக்குக் கேக்க வேணாமா?" என்பார். வெளியே நிற்கிறவன் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு எதற்குக் கெட்டிமேளம்? ஆனால் ஏற்றுவேன். ஏற்றாவிட்டால் அந்த வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆள். மாலையில் ரிசப்ஷன் பாட்டுக் கச்சேரி. கீபோர்டுக்காரன் தனக்குக் கேட்கவில்லை என்பான். பாடுகிற பெண் தனக்குக் கேட்கவில்லை என்பாள். எல்லோருக்கும் கேட்க வைத்தேன்.

என் காது போனதை நான் கண்டுபிடித்தது ஒரு கிட்டார் ஆல்பத்தால். அது என்னிடம் வந்த கதையிலும் ஒரு சித்தப்பா உண்டு.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அடையாறில் ஒரு ரிசப்ஷன். பெண்ணின் அப்பா ஒல்லியான மனிதர், ரிட்டையர் ஆனவர். ஒரு சிடியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். "சாப்பிடற நேரத்துல இதப் போடுங்க தம்பி. மெதுவா வைங்க" என்றார். மெதுவாக வை என்று என் வாழ்க்கையில் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. போட்டேன். மூன்று பாட்டு ஓடியது. மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா இலையிலிருந்து எழுந்து, கைகூடக் கழுவாமல் வந்தார்.

"யோவ், இன்னாயா இது? எழவு வீட்டுலகூட இதவிட ஜோரா வாசிப்பானுங்க. வேற போடுய்யா."

பெண்ணின் அப்பா பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் சிடியை எடுத்துவிட்டுக் குத்துப்பாட்டைப் போட்டேன். மறுநாள் திருப்பித் தர ஃபோன் பண்ணியபோது, "நீங்களே வெச்சுக்கோங்க, ஒரு தடவ முழுசா கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பெண்ணைப் பெற்றவன் தன் காசில் நடத்துகிற ரிசப்ஷனில் மூன்று பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் என் கடை. அங்கே வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டே அதை முழுசாகக் கேட்டேன். வெளிநாட்டுக் கிட்டார்காரர் ஒருவர். கூட ஆளுயர பேஸ், பெரிய வயலின் மாதிரி, நிற்க வைத்துக் கம்பியை விரலால் சுண்டுவது. ஒரு டிரம்ஸ். மூன்றே பேர். பத்துப் பாட்டு, பாடுகிறவர் யாரும் இல்லை. அந்த ஊரின் பழைய காதல் பாட்டுகள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஜாஸ் வாசிக்கிற எல்லோரும் அதே பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பார்களாம். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மார்கழி சீசனில் ஒரே கீர்த்தனையை எட்டுப் பேர் பாடி நான் எட்டுத் தடவை கேட்கிறேன். பாட்டு எல்லோருக்கும் பொது. அதற்குள் ஒருத்தர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த மனிதர் அவசரப்படமாட்டார். மூன்றாவது பாட்டில் ஓர் இடம் வரும். கிட்டார் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தும். பேஸும் நிற்கும். டிரம்ஸ் மட்டும் ஓடும். அதையும் அந்த ஆள் கட்டையால் அடிக்கவில்லை. மெல்லிய கம்பியால் ஆன பிரஷ்ஷைத் தோல்மேல் வட்டமாகத் தேய்க்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ மாவு சலிக்கிற மாதிரி சத்தம். அது மட்டும் கொஞ்ச நேரம். கிட்டார் எப்போது திரும்பி வரும் என்று நாம் காத்திருக்க வேண்டும். கைகள் சும்மா இருக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! எங்கள் கீபோர்டுக்காரனாக இருந்தால் அந்த இடத்தில் மண்ணள்ளிக் கொட்டுகிற மாதிரி சுரத்தைக் கொட்டி மூடியிருப்பான். மெதுவாக வாசித்தால் தூக்கம் வரும் என்கிறார்கள். தூங்குகிறவன் வீட்டில் போய்த் தூங்கட்டும். எனக்கு அந்த இடத்தில் ஒரு நாளும் தூக்கம் வந்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

செட் போடுகிற ஒவ்வொருவனும் பாக்ஸைச் சோதிக்க ஒரு பாட்டு வைத்திருப்பான். நான் இந்த மூன்றாவது பாட்டை வைத்துக்கொண்டேன். அந்த ஆல்பத்தில் பிரஷ் வலது பக்கம் மட்டும் கேட்கும். கிட்டார் இடது பக்கம். விரல் கம்பிமேல் நகரும்போது வருகிற கீச்சும் இடது. பேஸ் நடுவில். மாவு சலிக்கிற சத்தம் கேட்டால் வலது பாக்ஸ் சரி. கீச் கேட்டால் இடது சரி. பேஸ் மண்டபத்தின் நடுவில் வந்து நின்றால் வயர் எல்லாம் சரி. பதினாறு வருஷம் தினமும் இப்படித்தான்.

என்னோடு வேலை செய்வது என் மனைவியின் தம்பி. நாற்பத்தைந்து வயது. தோள் அகலம், வாய் அதைவிட அகலம். அந்தப் பாட்டைப் போட்டால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா மாமா, காலங்காத்தாலயே தூக்க மாத்திரயா? இத்தக் கேட்டா கரண்டே தூங்கிடும் மாமா."

"மூடிக்கினு வயரப் புடிடா."

"புடிச்சிக்கினுதான் கீறேன். கொட்டாவி வருது, இன்னா பண்ண?"

ஒரு நாள்கூட விட்டதில்லை. சிடி தேய்ந்துபோனபோது பாட்டுகளை என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தது அவன்தான். அப்போதும், "மாத்திரய பாட்டில்ல இருந்து டப்பாவுக்கு மாத்திட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான்.

போன கார்த்திகை மாதம், சீசனுக்கு முன்னால், புது ஹெட்ஃபோன் வாங்கினேன். பழையதில் வலது பக்கம் மங்கிக்கொண்டே வந்தது. அதற்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். என் கடைக்கு வந்து புதியதை மாட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டைப் போட்டேன். கிட்டார் நின்றது, பேஸ் நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஃபோன் நின்றுவிட்டது என்று எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் கிட்டார் திரும்பி வந்தது. மறுபடி போட்டேன். அந்த இடத்தில் மறுபடி ஒன்றுமில்லை. மாவு சலிக்கிற சத்தத்தை யாரோ வெட்டி எடுத்த மாதிரி.

"வலது பக்கம் செத்துப்போன மாலக் குடுத்துட்டான்டா" என்று கத்தினேன்.

மச்சான் வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டான். "நல்லாத்தான கீது மாமா."

"நீ இன்னாத்தக் கண்டே? தூக்க மாத்திரைன்னு சொல்றவன்தானே நீ. எது வருது எது வரலன்னு உனக்கு இன்னா தெரியும்?"

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். வாய் மூடாதவன் வாயை மூடிக்கொண்டு போகிறான் என்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நேராக ஜாம் பஜார் பக்கம் போனேன். அங்கே சந்துக்குள் பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். விற்பனையும் ரிப்பேரும். ஹெட்ஃபோன் வாங்கியது அவரிடம்தான். இருபது வருஷப் பழக்கம். மேஜைமேல் ஹெட்ஃபோனைப் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன்.

"இன்னா நைனா, இவ்ளோ சூடாகீறே?"

"மனுஷனா நீ? வலது சைடு வேலையே செய்யல. இத்த வெச்சிக்கினு நான் சீசன் பண்ணணுமா?"

பாய் மாட்டிக்கொண்டு கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நைனா, திருப்பி மாட்டு."

"இன்னாது?"

"வலதுல இருக்கறத இடதுல, இடதுல இருக்கறத வலதுல. மாட்டு. சண்ட அப்பறம் போடு."

திருப்பி மாட்டினேன். கிட்டார் நின்றது, பேஸ் நின்றது. இடது காதில் மாவு சலித்தார்கள். துல்லியமாக, ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக. அப்புறம் கிட்டார் வலது காதில் வந்தது. சுரம் கேட்டது. விரல் நகர்ந்த கீச் கேட்கவில்லை. ஒன்றுகூட.

"மால் நல்லாகீது" என்றார் பாய். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. டீயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். ராயப்பேட்டை ஹைரோட்டில் என் வலது பக்கம் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. அது வந்ததே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

மண்டபத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். மண்டபத்தில் இரண்டு பாக்ஸும் இரண்டு காதுக்கும் கேட்கும். வலது காது விட்டதையெல்லாம் இடது காது பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. எத்தனை வருஷமாக என்று யாருக்குத் தெரியும்? எத்தனை கச்சேரியில் நான் கேட்காததைக் கேட்டதாக நினைத்து ஏற்றி இறக்கினேனோ, அதுவும் தெரியாது.

காது டாக்டர் அம்மா கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"ஃபேக்டரியில வேலையா?"

"இல்லம்மா. கல்யாணத்துல."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வலது காதில் மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, திரும்பி வராது என்றார். இடது காதிலும் ஆரம்பித்திருக்கிறது, இப்போதே பார்த்துக்கொண்டால் நிறுத்தி வைக்கலாம் என்றார். எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று கேட்டார். பாக்ஸுக்குக் கீழே என்றேன். "இனிமே அங்க உக்காராதீங்க" என்றார். ஏதோ நான் ஆசைப்பட்டு அங்கே போய் உட்கார்ந்த மாதிரி.

வீட்டில் சொன்னேன். என் மனைவி தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள்.

"எந்தக் காது?"

"வலது."

"நான் எப்பவும் இந்தப் பக்கம் நின்னுதான சோறு போடறேன்?" என்றாள். யோசித்தாள். "ரெண்டு வருஷமா நான் எது கேட்டாலும் பதிலே சொல்றதில்ல. திமிரு வந்துடுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்கம்மா வூட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அந்த ஆளுக்குத் திமிரு புடிச்சுடுச்சுன்னு."

"திமிரு இல்ல."

"அதான் தெரிஞ்சுபோச்சே!" அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "திமிருன்னா திட்டித் தீத்துக்கலாம். இத்த யாரத் திட்டித் தீக்கறது?"

எனக்குத் தெரியும், யாரைத் திட்ட வேண்டும் என்று. மூலையில் போட்டுக்கொள் என்று முப்பது வருஷமாகச் சொன்ன ஒவ்வொருவனையும். சித்தப்பாக்கள் அத்தனை பேரையும். ஏற்று என்றதும் ஏற்றிய என்னையும்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மயிலாப்பூரில் ஒரு சபா, எட்டு வருஷமாக அங்கே செட் நான்தான். முதல் நாள் காலையில் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனோம். போகும்போதே மச்சானிடம் சொல்லிவிட்டேன். மேஜை நடுவில் போடவில்லை என்றால் செட் இறங்காது. அவனுக்கு வீட்டிலிருந்து விஷயம் போயிருந்தது. "சரி மாமா" என்றான். கிண்டல் எதுவும் பண்ணவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

செகரட்டரி வாசலில் நின்று தோரணம் கட்டுகிறவனை விரட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது, வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் ஒரு ஃபைல்.

"சார், மிக்ஸருக்கு நடுவுல ரெண்டு சீட் வேணும்."

"எதுக்கு?"

"அங்க உக்காந்தாத்தான் சரியாக் கேக்கும்."

"எட்டு வருஷமா ஓரத்துலதானே ஒக்காந்துண்டு பண்ணினே? இப்ப என்ன புதுசா? நடுவுல எல்லாம் டோனர் சீட். அவா வந்தா எங்க ஒக்கார வெக்கறது, உன் மடியிலயா?"

"அந்த மூலையில உக்காந்து எனக்கு வலது காது போச்சு சார். டாக்டர் சொல்லிட்டாங்க."

அவர் ஃபைலை மூடினார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"அடடா. அப்படின்னா ஒண்ணு பண்ணு. இந்தப் பக்கம் வேண்டாம். அந்தப் பக்க மூலையில போட்டுக்கோ. அங்கதான் உன் வலது காதுக்குத் தொந்தரவே இல்லையே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்தப் பக்க மூலையில் உட்கார்ந்தால் பாக்ஸ் என் இடது காதுக்கு மேலே இருக்கும். ஒன்று தீர்ந்துவிட்டது, அடுத்ததைத் திற என்கிறார். ஊறுகாய் ஜாடி மாதிரி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவி பண்ணுவதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "ரெண்டு காதையும் உங்க சபாவுக்கு எழுதிக் குடுத்துருக்கேனா?" என்றது நினைவிருக்கிறது. தோரணம் கட்டுகிறவன் ஏணியில் அப்படியே நின்றுவிட்டான். கேன்டீன் ஆட்கள் இரண்டு பேர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

செகரட்டரிக்கும் கோபம் வந்துவிட்டது. "காது கேக்காதவனை வெச்சுண்டு நான் சீசன் நடத்தணுமா? சாயங்காலம் பாடறவா யாருன்னு தெரியுமோல்லியோ? மிருதங்கக்காரர் இடது கை, அதனால மிருதங்கம் வலது பக்கம். அது உனக்குக் கேக்குமா, கேக்காதா? அதைச் சொல்லு."

இதே கேள்வியைத்தான் ஒரு மாதமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து மச்சான் சொன்னான். "வலது பக்கம் நான் கேப்பேன் சார்."

"நீ யாரு?"

"வயர் புடிக்கறவன் சார். அவருக்கு இடது, எனக்கு வலது. எது வரல, எது தூக்குதுன்னு கைல காட்டுவேன்."

நான் அவனை முறைத்தேன். "நீ கேப்பியா? தூக்க மாத்திரைன்னு சொல்லிக்கினு கொட்டாவி உட்டவன் நீ."

"போட்டுப் பாரு மாமா."

"போட்டுத்தான் பாரேன்" என்றார் செகரட்டரியும். வம்பு வேடிக்கையாக மாறுகிறது என்றதும் அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

பாக்ஸ் இரண்டையும் இறக்கி வயர் கொடுத்தோம். மேஜையை நானே தூக்கி ஹாலின் நடுவில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மச்சான் வலது பாக்ஸுக்கு எதிரில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் மூன்றாவது பாட்டைப் போட்டேன். அடையாறுக்காரர் சொன்ன மாதிரி, மெதுவாக.

காலி ஹாலில் அந்தக் கிட்டார் வந்து உட்கார்ந்தது. செகரட்டரியின் வலது கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது. சபாக்காரர்களுக்கு எந்த இசை கேட்டாலும் கை தாளம் போட ஆரம்பித்துவிடும். போட்டார். தட்டினார், விரலை எண்ணினார், கையைத் திருப்பினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. கிட்டார் நின்றது, பேஸ் நின்றது. எனக்கு இடது காதில் ஏதோ தூரத்தில் உரசுகிற மாதிரி இருந்தது. இருக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. மச்சானின் வலது கை மேலே போனது. ஒரு விரல் வட்டமாகச் சுற்றியது. பிரஷ் சுற்றுகிற மாதிரியே சுற்றியது. நின்று, மறுபடி சுற்றியது. செகரட்டரியின் கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அந்தரத்தில் நின்றது. எங்கே தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கிட்டார் வாசிக்கறவன் தாளத்தை விட்டுட்டான்" என்றார்.

"அவரு விடல சார். பொறுங்க" என்றேன்.

மச்சானின் விரல் இன்னொரு சுற்று சுற்றியது. அப்புறம் கையை மேலே தூக்கி, கீழே இறக்கினான். இறங்கிய அதே நொடியில் கிட்டார் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பாட்டுக்குப் பின்னால் போகவில்லை. பாட்டு எங்கே வரும் என்று தெரிந்து, அதற்கு முன்னால் போய்க் காத்திருக்கிறான்.

செகரட்டரி நாற்காலியிலேயே திரும்பி அவனைப் பார்த்தார். "இவனுக்கு லயம் இருக்கே!" என்றார். எட்டு வருஷம் செட் போட்ட என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை இவர். பாட்டை நிறுத்தினேன்.

அதன் பிறகு பேரம். ஒரு சீட் தருகிறேன் என்றார். மேஜை ஒரு சீட்டில் நிற்காது என்றேன். மேஜையைச் சின்னதாக்கு என்றார். கடைசியில் டோனர் வரிசைகளுக்குப் பின்னால், பதினோராவது வரிசையில், நடுவில் இரண்டு சீட் கொடுத்தார். பெரிய தியாகம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தார். உண்மையில் சத்தம் பார்க்க மூன்றாவது வரிசையைவிடப் பதினோராவது வரிசைதான் நல்ல இடம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. முப்பது வருஷம் முன்னால் கொடுத்திருக்க வேண்டிய நாற்காலிக்கு எதற்கு நன்றி?

மத்தியானம் கேன்டீனில் மச்சானைப் பிடித்தேன். அவன் பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"அத்தன இடமும் தெரிஞ்சு வெச்சிருக்கே. அப்பறம் எதுக்குடா பதினாறு வருஷமா தூக்க மாத்திரைன்னு சொன்னே?"

"தூக்க மாத்திரதான் மாமா. உன் ஃபோன்ல ஏத்தும்போது என் ஃபோன்லயும் ஏத்திக்கினேன். தெனம் அதப் போட்டுக்கினாத்தான் எனக்குத் தூக்கம். அஞ்சாவது பாட்டு தாண்டினதில்ல."

"அன்னிக்கு ஹெட்ஃபோன் மாட்டினியே. பிரஷ் கேட்டுச்சா உனக்கு?"

பொங்கலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டுச்சு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"எப்டி மாமா சொல்றது? உனக்குக் காது போச்சுன்னு நான் எப்டி மாமா சொல்றது?"

எனக்கு வந்ததும் கோபம்தான். ஒரு நாளாவது, ஒரு பாட்டுக்காவது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடம் நல்லாகீது மாமா என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? இரண்டு காதும் நன்றாக இருந்த காலத்தில் நான் அதைத் தனியாகவே கேட்டுத் தொலைத்தேன். அவன் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்றேன்.

அன்று மாலை பதினோராவது வரிசையில் உட்கார்ந்தேன். மிருதங்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று மச்சான் கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். இறக்கினேன். பக்கத்து நாற்காலி மாமி, மிக்ஸரில் லைட் மின்னுவது கண்ணைக் கூசுகிறது என்று மூன்று தடவை முறையிட்டார். துண்டைப் போட்டு மூடினேன். சீசன் முடியும்வரை அப்படியே ஓடியது.

வீட்டில் இப்போது ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொள்கிறேன். ஒரு தடவை நேராக, ஒரு தடவை திருப்பி. முதல் தடவை கிட்டாரின் கீச், அடுத்த தடவை பிரஷ். ஒரு ஆல்பத்தை இரண்டு தடவையாகக் கேட்டால்தான் ஒரு தடவை கேட்ட கணக்கு. என் மனைவி இப்போது இடது பக்கம் நின்று சோறு போடுகிறாள். இரண்டு வருஷத்துத் திட்டையும் சேர்த்து அந்தப் பக்கமே வைத்துக்கொள்கிறாள்.

தை பிறந்ததும் கல்யாணங்கள் வந்துவிட்டன. கூப்பிடுகிற எல்லோரிடமும் முதலிலேயே சொல்கிறேன். மேஜை நடுவில், இரண்டு நாற்காலி, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நங்கநல்லூரில் ஒருவர் ஒத்துக்கொண்டார். அசோக் நகரில் ஒரு பார்ட்டி, தி.நகரில் ஒரு பார்ட்டி, இரண்டு பேரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தி.நகர்க்காரர் ஃபோனில் சிரித்தார். "இன்னாப்பா, மைக் செட்டுக்கு முன் வரிசையில இல போடணுமா?" என்று கேட்டார். பின்னால் யாரோ, அவர் தம்பியாக இருக்கும், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை, "சவுண்டு ஏத்துவானான்னு கேளு" என்று கத்தியது என் இடது காதில் தெளிவாக விழுந்தது.

ஏற்றமாட்டேன். இருப்பது ஒரு காது. அதை எந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் தருவதாக இல்லை.